உப்புக் காற்றில் பூத்துப்போன புல்லட் ரிம்மை மீட்ட விவரம்

புல்லட்டின் இரண்டு அலுமினிய ரிம்முக்கும் வேலை முடிந்து, ஒரு வடகிழக்குப் பருவமழையும் போய்விட்டது. இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. அதனால்தான் இப்போது எழுத உட்கார்ந்தேன். பாலிஷ் போட்ட அன்றைக்கு எந்த ரிம்மும் பளபளக்கும், ஒரு மழைக்காலம் போன பிறகு என்ன ஆகிறது என்று பார்க்காமல் இது சரி, அது தப்பு என்று சொல்ல எனக்கு மனசில்லை.

வண்டி பழைய 350 ஸ்டாண்டர்டு புல்லட். கம்பெனியில் வந்தது குரோம் பூசிய இரும்பு ரிம். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதைக் கழற்றிவிட்டு 19 இன்ச், 40 ஓட்டை அலுமினிய ரிம் போட்டிருக்கிறார். எடை குறையும், துருப் பிடிக்காது என்று நிறையப் பேர் இப்படி மாற்றுவார்கள். துருப் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் நான் இருப்பது தூத்துக்குடியில், முத்தையாபுரம் பக்கம். உப்பளத்துக் காற்று வாசல்வரை வரும், ஆனி ஆடியில் மேல்காற்று அடித்தால் புழுதியும் அதோடு சேர்ந்து வரும், வண்டி கழுவ இருப்பதோ போர்த் தண்ணீர். இவை எல்லாம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூக்கும். விரலை வைத்துத் தேய்த்தால் வெள்ளை மாவு ஒட்டும், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் செத்துப்போன ஒரு பரப்பு, நிப்பிள் (ஸ்போக்ஸ் கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன மரை) ஓட்டைகளைச் சுற்றி மட்டும் தடிப்பாக ஒரு வெள்ளை வளையம். வாங்கும்போது இரண்டு ரிம்மும் இந்த நிலையில்தான் இருந்தன.

முதலில் கோட்டம் (சக்கரத்தின் கோணல்) எடுக்கும் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்போக்ஸைக் கழற்றி ரிம்மைத் தனியாக எடுத்துப் பஃப் அடிக்கும் (சுற்றும் துணிச் சக்கரத்தில் பாலிஷ் போடும்) பட்டறையில் கொடுப்பதுதான் என் எண்ணம். பட்டறையில் இரண்டு ரிம்முக்கும் 1,800 ரூபாய் கேட்டார்கள். அண்ணாச்சி நிப்பிளைச் சாவியால் லேசாகத் திருகிப் பார்த்துவிட்டு, "தம்பி, கம்பியெல்லாம் இறுகிப்போய் நிக்கு. திருகினா பாதி முறிஞ்சிரும். கழட்டினா எல்லாம் புதுசுதான் போடணும், பாத்துக்கோங்க" என்றார். எண்பது கம்பி, நிப்பிள், கட்டுக்கூலி, கோட்டம் எடுக்கும் கூலி என்று கூட்டினால் பஃப் கூலியைவிட அதிகமாகப் போகிறது. சரி, கம்பி இருந்தபடியே கையால் தேய்ப்போம் என்று முடிவு செய்தேன்.

கையில் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) எடுப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு. இதைச் செய்யாமல் ஆரம்பிப்பவர்கள்தான் பாதியில் வெறுத்துப் போகிறார்கள் என்பது என் கருத்து. அலுமினிய ரிம் என்றால் எல்லாம் ஒன்றில்லை. வெறும் உலோகமாக பாலிஷ் போட்டு விட்டிருப்பார்கள், அல்லது அதன்மேல் கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) அடித்திருப்பார்கள், அல்லது அனோடைஸ் (மின்சாரம் பாய்ச்சிக் கடினமான ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்திருப்பார்கள், அல்லது சில்வர் பெயின்ட்டே அடித்திருப்பார்கள். மங்கிப் போன பிறகு நாலும் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். கண்டுபிடிக்க, மெட்டல் பாலிஷைக் கடுகளவு துணியில் எடுத்து ஒரே இடத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். துணி கன்னங்கரேலென்று கறுத்தால் கீழே வெறும் அலுமினியம். கறுக்கவே இல்லையென்றால் மேலே ஏதோ ஒரு பூச்சு உட்கார்ந்திருக்கிறது, அதன்மேல் எவ்வளவு தேய்த்தாலும் உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். பீப் அடிக்கும் நிலையில் வைத்து இரண்டு முனையையும் பரப்பின்மேல் லேசாக, கீறாமல் வைத்தால் வெறும் உலோகம் பீப் அடிக்கும், பூச்சு இருந்தால் சத்தம் வராது.

என் முன் ரிம்மில் தேய்த்த துணி கறுத்தது, வெள்ளைப் பூப்பைத் துடைத்த இடத்தில் மீட்டரும் பீப் அடித்தது. பின் ரிம் இரண்டு சோதனைக்கும் அசையவில்லை. ஆக, ஒரே வண்டியில் இரண்டு வேறு வேறு ரிம். எப்போதோ ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

பூச்சு என்றால் கிளியர் கோட்டா அனோடைஸா என்பது அடுத்த கேள்வி. டியூப் வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில், கண்ணில் படாத இடமாகப் பார்த்து, பெருவிரல் நக அளவுக்குப் பெயின்ட் ரிமூவரைத் தடவி மேலே ஒரு பாலித்தீன் துண்டை ஒட்டிவைத்தேன். பத்து நிமிடத்தில் சுருங்கி எழும்பியது, எனவே கிளியர் கோட். அனோடைஸாக இருந்திருந்தால் ரிமூவர் சும்மா கிடந்திருக்கும். அப்படி இருந்திருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். அந்தப் படலம் இரும்பைத் தேய்க்கும் எமரித் தாளில் இருக்கும் பொருளேதான், அவ்வளவு கடினம். அதை எடுக்க காஸ்டிக் சோடாவில் போடுவார்கள், வீட்டில் செய்யும் வேலை இல்லை. நன்றாகக் கழுவி, மெழுகு போட்டு, அந்த மங்கலான வெள்ளி நிறத்தோடு ஓட்டிக்கொள்ளலாம்.

காஸ்டிக் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாத்ரூம் சாக்கடை அடைப்புக்குப் போடும் பவுடரைக் கரைத்து ரிம்மில் ஊற்றினால் பளிச்சென்று ஆகும் என்று எனக்கு ஒருவர் யோசனை சொன்னார். அந்தப் பவுடர் பெரும்பாலும் காஸ்டிக் சோடாதான். ரிம்மில் ஊற்றாமல், உடைந்து கிடந்த ஒரு பழைய கிளட்ச் லீவரை எடுத்து வெளி முற்றத்தில் பிளாஸ்டிக் மக்கில் போட்டுப் பார்த்தேன். உடனே நுரைத்துக்கொண்டு வந்தது, மக்கு தொட முடியாத அளவுக்குச் சூடானது, லீவரை இடுக்கியால் வெளியே எடுத்தால் கரியாகக் கறுத்துச் சொரசொரவென்று இருந்தது. அந்த நுரையில் வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் நெருப்பு இருக்கவே கூடாது. வாஷிங் சோடாவும் இதே குணம்தான், கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். இப்படிச் சோடா மாதிரிக் காரமான எதையும் அலுமினியத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

புளி வேறு கதை. அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் உள்பக்கம் பளிச்சென்று ஆகிவிடும் என்பது சமையல் செய்கிற எல்லோருக்கும் தெரியும். அதே காரியம்தான் இங்கேயும். எலுமிச்சை அளவு பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து முன் ரிம்மில் தடவி, கால் மணி நேரம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். மாவாகப் பூத்திருந்ததில் பெரும்பகுதி போய்விட்டது, நிப்பிளைச் சுற்றியிருந்த வளையமும் இளகியது. பளபளப்பு வரவில்லை, வரவும் வராது. ஆனால் இந்த மாவு போகாமல் பேப்பர் போட்டால் பேப்பர் அடைத்துக்கொண்டு வீணாகும், அந்த வகையில் புளி காசை மிச்சப்படுத்தியது. பித்தளைக்குச் செய்வதுபோல் புளியோடு உப்பு மட்டும் சேர்க்கக் கூடாது. ரிம்மை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததே உப்புதான். பிறகு நிறைய நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நான் குடிதண்ணீர்க் குடத்தில்தான் கழுவினேன்.

இதற்கெல்லாம் சக்கரத்தைக் கழற்றி டயரையும் டியூபையும் எடுத்துவிட வேண்டும். டயரோடு வைத்துக்கொண்டு ரிம் ஓரத்தைச் சரியாகத் தேய்க்கவே முடியாது, ரிமூவர் பட்டால் டயர் கெட்டுவிடும். பஞ்சர் கடையில் இரண்டையும் கழற்றி மாட்ட 300 ரூபாய். பிரேக் பிளேட்டை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, பிரேக் டிரம்மின் வாயைப் பாலித்தீனும் டேப்பும் போட்டு முழுக்க மூடினேன். பாலிஷோ மெழுகோ டிரம்முக்குள் போனால் பிரேக் பிடிக்காது, ரிம் எவ்வளவு பளபளத்தும் பிரயோஜனம் இல்லை.

பின் ரிம்முக்கு ரிமூவர் அரை லிட்டர் போதும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தடிப்பாகப் பூசி, காயாமல் இருக்கப் பாலித்தீனைச் சுற்றிவிட்டு, கால் மணி நேரத்தில் திறந்தால் பழுப்பேறிய கிளியர் கோட் தோல்தோலாகச் சுருண்டு நின்றது. காலாவதியான ஏடிஎம் கார்டை வைத்து வழித்தேன். இரும்புத் தகடு வேண்டாம், கோடு விழும். மெல்லிய டாக்டர் கையுறை இதில் நிற்காது, இளகிவிடும். தடித்த ரப்பர் கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், கையில் பட்டால் எரியும். கோட் போன பிறகு கீழே பார்த்தால் புழு ஊர்ந்த தடம்போல் மெல்லிய வெள்ளைக் கோடுகள், ஒன்றோடொன்று முட்டாமல் வளைந்து வளைந்து போயிருந்தன. அத்தனை கோடும் ஏதாவது ஒரு நிப்பிள் ஓட்டையிலிருந்தோ கல் பட்ட கீறலிலிருந்தோதான் கிளம்பியிருந்தது. கோட் எங்கே உடைகிறதோ அங்கே உப்புத் தண்ணீர் நுழைந்து, அதற்குப் பிறகு கோட்டுக்குக் கீழேயே ஊர்ந்துகொண்டு போகிறது. கடைசியில் என்ன பூசுவது என்று முடிவெடுக்கும்போது இந்தக் கோடுகள்தான் என் மனசில் நின்றன.

இனிமேல் இரண்டு ரிம்முக்கும் ஒரே வேலை, வாட்டர் பேப்பர்.

நேரம் முழுக்கப் போவது இதில்தான், பளபளப்பு உண்டாவதும் இதில்தான். டியூபிலிருந்து வரும் பாலிஷ் கடைசி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன வாளியில் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு ஷாம்பு, பேப்பரைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். ஈரமாகத் தேய்த்தால் தூசு பறக்காது, பேப்பரும் அடைக்காது. நம்பர் கூடக் கூடப் பேப்பர் நைஸ். நான் போட்ட வரிசை 320, 400, 600, 800, 1000, 1500, 2000. குழி அதிகமிருந்த ஓரங்களில் மட்டும் 220 தொட வேண்டியிருந்தது.

முன் ரிம்மில் முதல் தடவை 400 முடிந்ததும் பரப்பு நன்றாகத் தெரிந்ததால் 600, 800 இரண்டையும் விட்டுவிட்டு 1000 போட்டேன். 2000 வரை போய் பாலிஷும் போட்டு, வராந்தா நிழலில் பார்த்தபோது அருமையாக இருந்தது. காலை வெயிலில் உருட்டிக்கொண்டு வந்து சாய்த்துப் பார்த்தால் பளபளப்புக்கு அடியில் 400-இன் கோடுகள் அப்படியே வரிவரியாக நிற்கின்றன. நைஸ் பேப்பர் கோட்டின் முனையை மழுக்குமே தவிர அடிவரை போகாது. மறுபடி 600-இலிருந்து. அந்த இரண்டு நம்பரை விட்டதில் ஒரு வேலையும் மிச்சமாகவில்லை, பாலிஷும் பேப்பரும்தான் வீண். அதற்குப் பிறகு கடைப்பிடித்த முறை இது: ஒரு நம்பரை ரிம்மின் சுற்றுவாக்கில் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்குவாக்கில் தேய்ப்பது. புதுக் கோடுகள் வேறு திசையில் போவதால் பழைய கோடு ஒன்று மிச்சமிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும், அது முழுக்கப் போன பிறகுதான் அடுத்த நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் ரிம்மையும் கையையும் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்ற வேண்டும். 320-இன் ஒரு துகள் 1500 பேப்பருக்கு அடியில் மாட்டினால் போதும், ஒரு புதுக் கீறல் ரிம் முழுக்கச் சுற்றி வரும்.

ரிம்மின் வெளி விளிம்பு சுலபம், பேப்பரை ரப்பர் துண்டில் சுற்றி இழுத்துக்கொண்டே போகலாம். கஷ்டம் ஸ்போக்ஸ் பக்கம்தான். ரிம்மின் உள்வட்டத்தில் இரண்டு நிப்பிளுக்கு நடுவே நாலு சென்டிமீட்டர்கூட இல்லை, அதிலும் கம்பிகள் இடமும் வலமுமாகச் சாய்ந்து நிற்கும். அங்கே விரலை வைத்துத் தேய்த்தால் நகக்கண்தான் தேயும். பேப்பரை ஒன்றரை விரல் அகலத்தில் நீளமாகக் கிழித்து, பின்பக்கம் துணி டேப் ஒட்டினால் பட்டையாக நிற்கும், கிழியாது. அதைக் கம்பிகளுக்கு நடுவே நுழைத்து இரண்டு முனையையும் பிடித்து, ஷூவுக்குப் பாலிஷ் ஏற்றுவதுபோல் மாற்றி மாற்றி இழுத்தேன். நிப்பிள் அடிவாரத்துக்கு மூங்கில் குச்சியின் முனையைத் தட்டையாகச் சீவி அதில் பேப்பர் சுற்றிக்கொண்டேன். ஒரு ரிம்முக்கு இந்த இடுக்குகள் மட்டுமே வெளி விளிம்பைப்போல் மூன்று மடங்கு நேரம் எடுத்தன.

சென்டர் ஸ்டாண்டு போட்டு என்ஜினை ஓடவிட்டு, கியரில் பின் சக்கரம் சுற்றும்போது பேப்பரைப் பிடித்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். துணியோ பேப்பரோ கம்பியில் சிக்கினால் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும், கையை எடுக்க நேரம் கிடைக்காது. அவ்வளவு அவசரமான வேலை இது இல்லை.

குழிகளைப் பற்றி: பூப்பு ஆழமாகப் போன இடங்களில் குண்டூசித் தலை அளவுக்குக் கறுத்த குழிகள் இருந்தன. நகத்தை ஓட்டிப் பார்த்து, நகம் சிக்காத குழியென்றால் 320-இல் போய்விடும். சிக்குகிற குழியை விட்டுவிட்டேன். அதை எடுக்க வேண்டுமென்றால் சுற்றிலும் உள்ள உலோகத்தையெல்லாம் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும், ஒரே இடத்தில் தேய்த்தால் அங்கே மட்டும் பள்ளமாகி வெளிச்சத்தில் நெளியும். டயர் விளிம்பைத் தாங்கும் ஓரத்தையும் கம்பி இழுக்கும் இடத்தையும் மெலிய வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. இது எடையைச் சுமக்கும் சக்கரம், அலமாரியில் வைக்கும் சாமான் இல்லை. என் ரிம்மைக் கிட்டத்தில் பார்த்தால் இன்றும் சில புள்ளிகள் தெரியும், அப்படியே இருக்கட்டும்.

ஸ்டீல் கம்பளி போடலாமா என்றால், வேண்டாம். அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து பிறகு துருப் புள்ளியாக எழும்பும். வெல்டிங் பட்டறையில் இரும்பு தீட்டிய கிரைண்டர் வீலும் கூடாது, அதற்குமேல் அலுமினியத் தூசும் இரும்புப் பொறியும் சேர்ந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

2000 முடிந்ததும் ரிம் பளபளக்காது, பால் கலந்த மாதிரி ஒரு மென்மையான வெள்ளி நிறத்தில் நிற்கும். இந்த நிலையே எனக்கு ரொம்பப் பிடித்தது, பழைய புல்லட்டுக்குப் பொருத்தமும் இதுதானோ என்று கொஞ்சம் யோசித்தேன். ஆனால் பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு உப்பும் அழுக்கும் தங்காது என்பதால் தொடர்ந்தேன்.

டிரில் மெஷினில் மாட்டும் மூன்று இன்ச் துணிப் பஃப்பும், அதில் தொட்டுக்கொள்ளக் கட்டியாக விற்கும் வெள்ளை நிறப் பாலிஷ் காம்பவுண்டும் சேர்த்து 280 ரூபாய். வெளி விளிம்புக்கு மட்டும் இது. காம்பவுண்டைத் துளி தொட்டால் போதும். அதிகம் ஏற்றினால் கறுப்பு மெழுகுத் திட்டாகப் படிந்து, சூட்டில் இறுகி, துடைத்தாலும் போகாது. அப்படி ஒட்டிய இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் எடுத்தேன். மெஷினை முழு வேகத்தில் அழுத்திப் பிடிக்காமல், பாதி வேகத்தில், ரிம்மைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகவிடாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம், கறுப்புத் தூசு எல்லா இடத்திலும் தெறிக்கும்.

கம்பிகளுக்கு நடுவே ஆட்டோசால் என்ற மெட்டல் பாலிஷ் டியூபும் பனியன் வேஸ்ட்டும் (பனியன் தைத்து மிஞ்சும் துணித் துண்டுகள்) தான். பனியன் வேஸ்ட் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது, நான் கிலோ 80 ரூபாய்க்கு வாங்கி வெள்ளைப் பருத்தியாகப் பொறுக்கிக்கொண்டேன், சிந்தெட்டிக் துணி கோடு போடும். பட்டாணி அளவு பாலிஷ், ஒரு சாண் நீளம் ரிம். துணி கறுக்கக் கறுக்கத் தேய்த்து, அது காய்வதற்குள் சுத்தத் துணியால் எடுக்க வேண்டும். அந்தக் கறுப்பு விலகும்போது கீழேயிருந்து நீலம் கலந்த ஒரு வெளிச்சம் வருகிறது, பக்கத்துக் கம்பியின் வளைவும் நம் விரலும் அதில் தெரிகின்றன. இத்தனை மணி நேரம் தேய்த்த கைக்கு அது போதும்.

பாலிஷின் எண்ணெய்ப் பசை கடைசிவரை மெல்லிய புகைபோல் நிற்கும், துணியால் துடைக்கத் துடைக்க இழுவிக்கொண்டே போகும். குத்துவிளக்கைத் துலக்கி முடித்துக் கடைசியில் விபூதி போட்டுத் துடைப்பார்கள் அல்லவா, அதே வேலையை இங்கே சோள மாவு செய்தது. கொஞ்சம் தூவி உலர்ந்த துணியால் துடைத்தால் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு புகை காணாமல் போகிறது. விபூதியையே போடலாம்தான், ஆனால் கடையில் வாங்குவதில் நெறுநெறுவென்று துகள் இருக்கிறது, இந்த வழவழப்பில் அது கீறும்.

அப்புறம் என்ன பூசுவது. எனக்கே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின் ரிம்மில் மூன்று பகுதி பிரித்தேன். டேப் ஒட்டி, ஒரு பகுதியைத் தின்னரால் துடைத்து டப்பா ஸ்பிரே கிளியர் அடித்தேன், ஒரு பகுதிக்குக் காருக்குப் போடும் கார்நூபா மெழுகு, மீதியை ஒன்றும் பூசாமல் விட்டேன். ஐப்பசி கார்த்திகை மழையிலும் வாடைக்காற்றிலும் வழக்கம்போல் ஓட்டினேன். ஒன்றும் பூசாத பகுதி சீக்கிரமே மங்கி, தண்ணீர் நின்ற இடங்களில் புள்ளி விழுந்தது, ஆனால் பாலிஷ் தொட்டதும் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது. மெழுகு போட்டதில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது, மங்கலும் குறைவு. கிளியர் அடித்த பகுதி முதலில் மூன்றிலும் அழகாகத்தான் இருந்தது. மழை முடிகிற சமயத்தில் பார்த்தால் நிப்பிள் ஓரத்தில் உரிந்து, அங்கிருந்து அந்தப் பழைய வெள்ளைப் புழுக் கோடு மறுபடி கிளம்பியிருக்கிறது. வழவழப்பான அலுமினியத்தில் அந்தப் பூச்சுக்குப் பிடிமானமே இல்லை, கம்பியோ சாலையில் ஓடும்போதெல்லாம் அசைந்துகொண்டு இருக்கிறது. அந்தப் பகுதிக்கு ரிமூவர், பேப்பர், பாலிஷ் எல்லாம் முதலிலிருந்து. கடலோரத்தில் ஸ்போக்ஸ் ரிம் வைத்திருப்பவர்களுக்குக் கிளியர் கோட்டை நான் சொல்லவே மாட்டேன். மதுரை, திருச்சிப் பக்கம் என்றால் நிலைமை வேறாக இருக்கலாம்.

இப்போது இரண்டு ரிம்மிலும் மெழுகுதான். மாதத்துக்கு ஒரு தடவை, கழுவிக் காயவைத்துப் பூசி, பத்து நிமிடம் விட்டுத் துடைக்கிறேன். அதைவிட முக்கியம், உப்பளப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிவிடுவது. போர்த் தண்ணீரில் கழுவினால் காயவிடாமல் துணியால் துடைத்துவிட வேண்டும், காய்ந்தால் அந்த வெள்ளை வளையம் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

செலவுக் கணக்கு: பெயின்ட் ரிமூவர் 220, வாட்டர் பேப்பர் எல்லா நம்பரும் சேர்த்து 480, ஆட்டோசால் 350, பஃப்பும் காம்பவுண்டும் 280, பனியன் வேஸ்ட் 80, பஞ்சர் கடை 300, புது ரிம் டேப் (கம்பி முனைகள் டியூபில் படாமல் உள்ளே போடும் பட்டை) இரண்டு 80, கார் மெழுகு 400, கையுறையும் முகமூடியும் 150. மொத்தம் 2,340 ரூபாய். இதில் மெழுகு பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, டிரில் மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. பட்டறைக் கூலியோடு ஒப்பிட்டால் மிச்சம் என்று சொல்ல முடியாது, கம்பிச் செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் மிச்சம்.

டயர் கழன்றிருக்கும்போது உள்பக்கத்தையும் பாருங்கள். என் ரிம்மில் பழைய ரிம் டேப் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, கம்பி முனைகளைச் சுற்றி வெளியே இருந்ததைவிட மோசமாகப் பூத்திருந்தது. நிப்பிளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பி முனைகளை அரத்தால் மட்டமாக்கினேன், விட்டிருந்தால் டியூபைக் குத்தியிருக்கும். உள்பக்கம் பாலிஷ் தேவையில்லை. தேய்த்துச் சுத்தம் செய்து காயவைத்துப் புது டேப் போட்டால் போதும்.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை நான் தொடவில்லை. வார்ப்பு அலுமினியம், சொரசொரப்பானது, அதைக் கண்ணாடியாக்க ஆசைப்பட்டால் கையும் பேப்பரும் தாங்காது. டீசலும் பல்துலக்கும் பிரஷ்ஷும் போட்டுக் கிரீஸ் அழுக்கை எடுத்துவிட்டு, ஷாம்புத் தண்ணீரில் கழுவியதோடு சரி.

அடுத்த முறை மாற்றிச் செய்ய நினைப்பது ஒன்றுதான். கம்பிகள் எப்படியும் இன்னும் கொஞ்ச நாளில் துரு ஏறி மாற்றும் நிலைக்கு வரும். அப்போது முழு செட்டையும் கழற்றிவிட்டு, ரிம்மை வெறுமையாக வைத்துக்கொண்டு தேய்ப்பேன், நிப்பிள் ஓட்டைகளின் ஓரம் முழுவதும் பேப்பர் எட்டும், இப்போது விட்டிருக்கும் வெள்ளை வளையத்தின் மிச்சமும் போகும். ஸ்டெயின்லெஸ் கம்பிதான் போட உத்தேசம். அண்ணாச்சியிடம் விலை கேட்டு வைத்திருக்கிறேன், ஒவ்வொரு நிப்பிளும் ரிம்மில் உட்காரும் இடத்தில் கிரீஸ் தடவித்தான் கட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். வேறு உலோகம் அலுமினியத்தை நேராகத் தொட்டு நடுவில் உப்புத் தண்ணீரும் நின்றால் அரிப்பு அங்கேதான் முதலில் தொடங்கும். அவர் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கிரீஸை நானே தடவிக் கொடுப்பதாகப் பேச்சு.